ரிப்பன் சண்டைக்கு விழுந்தாலும் உடையாத மாடல் விமானம்: ஈபிபியா, சன்பேக்கா?

மேகத்துரத்தி:

வணக்கம். எங்கள் குழுவில் ஐந்து பேர். வாலில் காகித ரிப்பன் கட்டிப் பறக்கவிட்டு, ஒருவர் ரிப்பனை இன்னொருவர் ப்ரொப்பெல்லரால் அறுக்கும் விளையாட்டுக்கு ஐந்து விமானங்கள் கட்ட வேண்டும். தெர்மாகோலும் ஃபோம் போர்டும் ஒரு மோதலோடு முடிந்துவிடுகின்றன. எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கையில் இருக்கிறது: 2212 மோட்டார் (மூன்று பேரிடம் 1400 கேவி, இரண்டு பேரிடம் 2200 கேவி; கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடச் சுற்று), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, இறக்கை மடிப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ, 3 செல் 1300 எம்ஏஎச் லிப்போ, ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். உடல் மட்டும்தான் செய்ய வேண்டும். ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாயைத் தாண்டக்கூடாது, உடைந்தால் மைதானத்திலேயே ஒட்டிப் பறக்கவிட முடிய வேண்டும்.

எந்தப் பொருள்: மடக்கினாலும் ஒடியாத ஈபிபி நுரையா, விளம்பர போர்டுக்குப் போடும் சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டா? மோட்டாரை மூக்கில் வைப்பதா, பின்னால் வைப்பதா? பின்னால் வைத்தால் விழும்போது மோட்டார் தப்பிக்கும் என்கிறார்களே? ரிப்பனுக்கு எந்தக் காகிதம்? அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நுரைவெட்டி:

ஈபிபி நுரையில் வால் இல்லாத பறக்கும் இறக்கை கட்டுங்கள். உடையக்கூடிய உடற்பகுதியும் வாலும் அதில் கிடையவே கிடையாது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: தெர்மாகோலை மடக்கினால் படீரென்று ஒடிந்து மணிமணியாக உதிரும். ஈபிபி மடங்கி, கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பேக்கிங்கில் வரும் வழவழப்பான வெள்ளை ஈபிஈ நுரையும் மடங்கும், ஆனால் அது தொய்ந்துவிடும், இறக்கைக்கு ஆகாது. லிட்டருக்கு 20 கிராம் அடர்த்தி போதும். 30 கிராம் வகை இன்னும் உறுதிதான், ஆனால் எடை ஏறும். எடைதான் மோதலில் எதிரி.

அளவு: இறக்கை நுனிக்கு நுனி 100 செமீ, நடுவில் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை) 28 செமீ, நுனியில் 18 செமீ. நுனியின் முன்விளிம்பு நடு மூக்கைவிட 25 செமீ பின்னால் இருக்க வேண்டும். பரப்பு 23 சதுர டெசிமீட்டர். தடிமன் நாணில் 10 சதவீதம் என்றால் நுரையின் கனஅளவு மூன்றரை லிட்டர் சொச்சம், அதாவது எழுபது கிராம் சுற்றி. டேப், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து 450 முதல் 500 கிராமுக்குள் நிற்கும்.

வெட்டுவதற்கு 0.4 மிமீ நிக்ரோம் கம்பி 60 செமீ, 12 வோல்ட். இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நடுவுக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்று ஃபார்மைக்கா துண்டில் இறக்கைக் குறுக்குவெட்டு வடிவில் வார்ப்புரு வெட்டி, இரண்டிலும் பத்துக் கோடு போட்டு எண் எழுதுங்கள். நடுப்பக்கம் 28 செமீ போகும் நேரத்தில் நுனிப்பக்கம் 18 செமீதான் போக வேண்டும். இரு முனையில் நிற்பவர்களும் எண்ணைச் சொல்லிக்கொண்டே இழுத்தால் சேர்ந்து முடியும். தெர்மாகோல் வெட்டும் வேகத்தில் ஈபிபியை இழுக்கக்கூடாது. அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி வில்லாகப் பின்தங்கி, பின்விளிம்பு அலை அலையாக வரும். பின்விளிம்பைக் கூராக்க வேண்டாம், 3 மிமீ தடிமன் விடுங்கள். வெட்டியபின் மிஞ்சும் மேல், கீழ் நுரைக்கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டும்போதும் டேப் போடும்போதும் இறக்கையை அதற்குள் வைத்தால்தான் முறுக்கிக்கொள்ளாது.

கம்பி வெட்டே வேண்டாம் என்றால் 9 மிமீ ஈபிபி ஷீட்டை அதே வடிவில் வெட்டி, மேலே முன்பாதி நாணுக்கு மட்டும் இரண்டாவது ஷீட் ஒட்டுங்கள். நடுவில் படி மாதிரி நிற்கும். நன்றாகவே பறக்கும், ஒரே மாலையில் முடியும். ஐந்து விமானம் என்பதால் முதலில் இப்படி ஒன்று செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

பசை: மரவேலைக்காரர்கள் மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்துங்கள். இதே பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஈபிபியை ஒன்றும் செய்யாது. சர்வோ, வயர் முதலியவற்றுக்கு ஹாட் க்ளூ. மோட்டார் பக்கம் ஹாட் க்ளூ போகவே கூடாது, சூட்டில் இளகிவிடும், அங்கே எபாக்ஸி.

உறுதிக்கு 5 மிமீ கார்பன் குழாய் 70 செமீ, ஒரே நீளமாக, குறுக்கே. நடுவில் பின்விளிம்பிலிருந்து 8 செமீ முன்னால் கீழ்ப்பக்கம் கீறி உள்ளே செருகி ஒட்டுங்கள். இறக்கை பின்சாய்வாக இருப்பதால் அதே நேர்கோடு நுனிப்பக்கம் போகப்போக முன்விளிம்பை நெருங்கும். இரண்டு துண்டாக்கி நடுவில் இணைக்கும் தொல்லை இல்லை. கார்பனை அறுக்கும்போது முகமூடி போட்டு ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டேப். உண்மையில் இந்த விமானத்தைக் காப்பாற்றுவது அதுதான். உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஃபிலமெண்ட் டேப், 2 செமீ அகலம். முதலில் ஸ்ப்ரே பசையை லேசாக அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈபிபியில் டேப் ஒரு வெயிலுக்குள் உரிந்துவிடும். முன்விளிம்பு முழுக்க ஒரு நீளம்; மேலேயும் கீழேயும் நடுவிலிருந்து நுனிவரை பெருக்கல் குறி போல ஒவ்வொன்று; பேட்டரிக் குழியைச் சுற்றி ஒரு கட்டு. மேலே ஒட்டும் இழுவிசையிலேயே கீழேயும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்து ஒட்டினால் இறக்கை முறுக்கிக்கொண்டு, ரிமோட்டில் என்ன ட்ரிம் (நடுநிலைத் திருத்தம்) போட்டாலும் வேகம் மாறும்போதெல்லாம் உருளும். அதன்மேல் கலர் பேக்கிங் டேப். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சண்டையில் தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்பது அரை நொடியில் தெரிய வேண்டும்.

எலெவான் (பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடிப்பு) 4 செமீ அகலம், 36 செமீ நீளம், 3 மிமீ சன்பேக் ஷீட்டில். உள்ளே ஓடும் குழல்கள் இறக்கை நீளவாக்கில் இருக்கட்டும். ஒரு குழலுக்குள் 2 மிமீ கார்பன் கம்பி செருகினால் முறுக்காது. பால்சாவில் செய்தால் முதல் மோதலில் துண்டுதான். நடுநிலையில் எலெவானின் பின்விளிம்பு 2 மிமீ மேலே நிற்கட்டும். ஏற்ற இறக்கத்துக்கு 8 மிமீ, உருளலுக்கு 12 மிமீ அசைவு, ரிமோட்டில் 30 சதவீதம் எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு).

மோட்டார் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. 2212 மோட்டாரும் தாங்கியும் ப்ரொப்பும் சேர்ந்து 75 கிராம். அதைப் பின்விளிம்பில் மாட்டினால் 1300 பேட்டரியை மூக்கு நுனிவரை தள்ளினாலும் எடைமையம் மூன்றரை செமீ பின்னால்தான் விழும். சரிக்கட்ட மூக்கில் நூறு கிராமுக்கு மேல் ஈயம் வேண்டும். விழும்போது மோட்டார் தப்பிக்கும், ஈயமும் பேட்டரியும் மூக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதே மோட்டாரை மூக்கில் வைத்தால் பேட்டரி தானாக எடைமையத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும், ஈயமே வேண்டாம். எதிரி ரிப்பனை முதலில் சந்திப்பதும் ப்ரொப்தான்.

மூக்கு மோட்டாரைக் காப்பாற்ற வழி, அதை இறுக்கமாகக் கட்டாமல் இருப்பதுதான். மூக்கு நுனியை 2 செமீ வெட்டித் தட்டையாக்கி, 3 மிமீ ப்ளைவுட்டில் நாலரை செமீ சதுரத் தகடு ஒட்டுங்கள். மோட்டாரை அதில் எம்3 நைலான் ஸ்க்ரூ நான்கால் மட்டும் பிடியுங்கள். இழுவிசையைத் தாராளமாகத் தாங்கும். பக்கவாட்டில் அடிபட்டால் ஸ்க்ரூ அறுந்து மோட்டார் முழுசாகக் கழன்று விழும். இரும்பு ஸ்க்ரூ போட்டால் அந்த அடி மோட்டார் ஷாஃப்டுக்குப் போகும். பையில் இருபது நைலான் ஸ்க்ரூ எப்போதும் கிடக்கட்டும்.

எடைமையம் நடுப் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி 12 முதல் 13 செமீ. முதல் பறப்புக்கு 13. பன்னிரண்டுக்கும் குறைந்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பிக்கும், கை கட்டுப்படுத்தாது.

சன்பேக் சாமி:

நுரைவெட்டி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஈபிபி ஊருக்கு ஊர் கிடைக்காது, கூரியர் செலவே ஷீட் விலைக்கு வந்துடும். சன்பேக் எந்த ஃப்ளெக்ஸ் போர்டு கடையிலயும் கிடைக்கும். அமெரிக்காவுல ஸ்பாட்னு ஒரு கூட்டமே இதே ஷீட்டையும் பிவிசி குழாயையும் வச்சுதான் சண்டை விமானம் கட்டினாங்க.

எடை கணக்கு முதல்ல. 2 மிமீ ஷீட் சதுர மீட்டருக்கு 300 கிராம் சுமாரா வரும், 4 மிமீ 700 கிராம். மேல கீழ ரெண்டு தோலும் போட்டா அண்ணன் சொன்ன அளவு இறக்கைக்கு 2 மிமீல 140 கிராம், 4 மிமீல 320 கிராம். அதனால 4 மிமீ பக்கமே போகாதீங்க. 2 மிமீல கட்டினாலும் முழு விமானம் 600க்கு மேல போயிடும், கொஞ்சம் வேகமாத்தான் இறங்கும்.

குழல் இறக்கை நீளவாக்குல. முன்விளிம்பு வளைவுக்கு உள்பக்கத் தோலை மட்டும் ஒரு குழல் நீளத்துக்குப் பிளேடால கீறி மடக்கணும். வெளித்தோல்ல கத்தி படக்கூடாது. உள்ள ஒரு மர ஸ்கேல் நிக்க வச்சு ஒட்டினா ஸ்பார், அதாவது இறக்கையைத் தாங்கற குறுக்குக் கட்டை, ஆச்சு. உடம்புக்கு வீட்டு வயரிங்குக்குப் போடற பிவிசி கேசிங் பட்டி. இறக்கையை ரப்பர் பேண்டால கட்டுங்க, ஸ்க்ரூ வேண்டாம். மோதினா இறக்கை தனியா கழன்று போகணும்.

ஒட்டறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. சன்பேக் பாலிப்ரொப்பிலீன், அதுல எந்தப் பசையும் நேரா பிடிக்காது. ஒட்டற இடத்தை ஸ்பிரிட்ல துடைச்சு, கேஸ் லைட்டரோட நீலச் சுடரை நிக்காம ஒரு வீச்சு வீசணும். நின்னா ஷீட் சுருங்கிடும். சரியா ஆச்சான்னு பார்க்க ஒரு சொட்டு தண்ணி விடுங்க: முத்து மாதிரி உருண்டா இன்னும் ஆகலை, பரவி நனைஞ்சா ஆயிடுச்சு. துடைச்சுக் காயவிட்டு ஃபெவிக்விக் போட்டா அப்புறம் பிரிக்க முடியாது.

இன்னொண்ணு, தெருவுல கழட்டிப் போட்ட பழைய விளம்பர போர்டு இலவசம்னு எடுத்துடாதீங்க. வெயில்ல கிடந்த சன்பேக் நொறுங்கிப் போயிருக்கும். ஓரத்தை முழுசா மடக்கிப் பாருங்க. வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தா ஓகே, விரிசல் விட்டா குப்பைக்குத்தான்.

மேகத்துரத்தி:

நன்றி அண்ணா, நன்றி சாமி. மூக்கு மோட்டார் கணக்கு புரிந்தது. இன்னும் மூன்று சந்தேகம். 2200 கேவி மோட்டார் வைத்திருக்கும் இருவருக்கு எந்த ப்ரொப்? அவர்கள் மட்டும் வேகமாகப் பறப்பார்களே. ரிப்பனை எங்கே, எதால் கட்டுவது? பேட்டரி அடிபட்டால் என்ன பார்க்க வேண்டும்?

கம்பிச்சுருள்:

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 3 செல்லில் பளு ஏறியபின் சுழற்சி முக்கால்வாசி என்று வைத்தால், 1400 கேவி 8×4 ப்ரொப்போடு (எட்டு அங்குல நீளம், ஒரு சுற்றுக்கு நாலு அங்குல முன்னேற்றம்) நிமிடத்துக்குச் சுமார் 11,600 சுற்று. ப்ரொப் காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு 71 கிமீ. 2200 கேவி 6×4 ப்ரொப்போடு 18,000 சுற்றைத் தாண்டும், 111 கிமீ. வேகம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஆனால் மோதலில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை மடங்கு. அந்த இரண்டு பேரும் 1400 கேவி மோட்டாருக்கு மாறிவிடுவதுதான் நல்லது. வேகம் கூடினால் ரிப்பன் வெட்டும் எண்ணிக்கை கூடாது. திரும்பும் வட்டம்தான் பெரிதாகும். அமெரிக்க மாடல் விமானச் சங்கமான ஏஎம்ஏவின் விதிகளில் எஸ்எஸ்சி என்ற மெதுவான சண்டை வகைக்கு 8×3 ப்ரொப், 17,500 சுற்று என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதன் வேகமும் 80 கிமீதான் வரும்.

1400 கேவிக்கு இன்னொரு வசதி, ரப்பர் வளையம் போட்ட ப்ரொப் சேவர் தாங்கும். தரையில் பட்டால் ப்ரொப் மடங்கிக்கொள்ளும். வளையம் வெயிலில் வெடிக்கும், ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் இழுத்துப் பாருங்கள். 2200 கேவியில் ப்ரொப் சேவர் போடாதீர்கள், அந்தச் சுழற்சியில் ப்ரொப்பே பிய்த்துக்கொண்டு போகும்.

யாராவது பிடிவாதமாகப் பின்னால் மோட்டார் வைத்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரண ப்ரொப்பை எழுத்துப் பக்கம் முன்னோக்கி மாட்டி, மோட்டாரின் மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போட்டால் ஓடும். ஆனால் அப்போது ஷாஃப்ட் நட்டைக் கழற்றும் திசையில் சுற்றுகிறது. திடீரென்று த்ராட்டில் கொடுத்தால் நட் தளரும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், அல்லது பின்னால் மாட்டவென்றே வரும் புஷர் ப்ரொப்பே வாங்குங்கள். ரிப்பனையும் நடுவில் கட்ட முடியாது, சொந்த ப்ரொப்பே அறுத்துவிடும். நடுவிலிருந்து 15 செமீ தள்ளித்தான் கட்ட வேண்டும்.

உங்கள் மூக்கு மோட்டார் விமானத்துக்கு நடுப் பின்விளிம்பிலேயே கட்டலாம். முதலில் பருத்தி நூல் ஒன்றரை மீட்டர், பிறகு க்ரேப் காகிதம் இரண்டரை செமீ அகலத்தில் 6 மீட்டர். க்ரேப் சுருளைச் சுருளாகவே வைத்து வெட்டினால் அகலம் சீராக வரும். நூல் வரை அறுத்தால் முடிந்தது, காகிதம் கொஞ்சம் மிஞ்சினால் தொடரலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டை தரைக்கு வந்துவிடும். பாலிதீன் ரிப்பனும் மீன்பிடி நைலான் நரம்பும் கூடவே கூடாது. அவை அறுபடாமல் மோட்டார் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் நின்ற நிலையில் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஈஎஸ்சி எரிந்துவிடும். சத்தம் மாறினால் உடனே த்ராட்டிலை மூடிச் சறுக்கி இறக்குங்கள்.

பேட்டரி: நேர்க்குத்தாக விழும்போது அது முன்னோக்கி ஓடப் பார்க்கும். குழிக்கும் மூக்குத் தகட்டுக்கும் நடுவே நுரைச்சுவர் முழுசாக இருக்கட்டும், அந்தக் கோட்டில் ஈஎஸ்சியை வைக்காதீர்கள். ஈஎஸ்சி பக்கவாட்டில், காற்றுப் படும்படி. அடிபட்ட லிப்போவில் மூலை நசுங்கியிருந்தாலோ, உப்பினாலோ, ஒரு செல் வோல்ட் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டாலோ திரும்ப சார்ஜ் போடக்கூடாது. உடனே தீப்பிடிக்காது, கொஞ்ச நேரம் கழித்தும் பிடிக்கலாம்; மணல் வாளியில் வெளியே வையுங்கள், வண்டிக்குள் அல்ல. பறக்கும் நேரம் சராசரி 10 ஆம்பியர் என்று வைத்தால் 80 சதவீதம் தீர ஆறு நிமிடம். டைமரை ஐந்தில் வையுங்கள்.

ஐ6 ரிமோட்டில் எலெவான் மிக்ஸ் (ஏற்ற இறக்கமும் உருளலும் ஒரே எலெவானில் சேரும் அமைப்பு) மெனுவிலேயே இருக்கிறது. சிக்னல் போனால் வேலை செய்யும் ஃபெயில்சேஃபில் த்ராட்டில் பூஜ்யம் என்று வைத்து, ப்ரொப்பைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். விமானிகள் ஐவரும் ஒரே வரிசையில், கண்ணாடி போட்டு நிற்கட்டும்; அந்த வரிசைக்குப் பின்னால் யாரும் பறக்கவிடக்கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் மைதானம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே உச்சவரம்பு 120 மீட்டர், விமான நிலையச் சுற்றளவிலிருந்து 8 முதல் 12 கிமீக்குள் என்றால் 60 மீட்டர். ரிப்பன் சண்டைக்கு அவ்வளவு உயரம் தேவையே இல்லை.

சன்பேக் சாமி:

சர்வோ பத்தி யாரும் சொல்லலையே. பிளாஸ்டிக் கியர் சர்வோ தரையில எலெவான் இடிச்சா பல் போயிடும். ரெண்டு வழி: மெட்டல் கியர், ஒண்ணுக்கு நாலு கிராம் கூடும், இல்லேன்னா சர்வோ கை இறக்கைக்கு மேல்பக்கம் வர்ற மாதிரி புதைச்சிடுங்க, புல்லுல சிக்காது. சர்வோவை முதல்ல டேப்பால சுத்திட்டு அப்புறம் ஹாட் க்ளூ போடுங்க. மாத்தணும்னா டேப்பைக் கிழிச்சா வந்துடும்.

நுரைவெட்டி:

ஏவும்போது விமானத்தைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து, ரிப்பனை அதற்குப் பின்னால் நேராகத் தரையில் விரித்துப் போடுங்கள். சாமி சொன்ன சன்பேக் உடல் என்றால் உடலைப் பிடித்து எறியலாம். வெறும் இறக்கை என்றால் பேட்டரிக் குழிக்குப் பின்னால் கீழிருந்து பிடித்து, பாதி த்ராட்டிலில், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே எறியுங்கள்.

பழுது பார்க்கும் பெட்டியில் நைலான் ஸ்க்ரூ, ப்ரொப் ஆறு, ரப்பர் வளையம், ஃபிலமெண்ட் டேப், ஹாட் க்ளூ குச்சியோடு லைட்டர் போதும். கிழிந்த ஈபிபியில் புல்லும் மண்ணும் இருந்தால் ஊதி எடுத்து, லைட்டரில் க்ளூ குச்சியின் முனையை உருக்கித் தேய்த்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, மேலே ஒரு டேப். நசுங்கிப் போன மூக்கின் மேல் வீட்டுக்கு வந்து கொதிநீரை மெதுவாக ஊற்றினால் பெரும்பாலும் பழைய உருவுக்கு உப்பி வரும். எலக்ட்ரானிக்ஸைக் கழற்றிய பிறகு.

இறக்கை முறுக்கியிருந்தால் ட்ரிம்மால் சமாளிக்க வேண்டாம். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், இரு நுனியின் பின்விளிம்பும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தாழ்ந்திருக்கும் நுனியில் பெருக்கல் டேப்பை உரித்துவிட்டு, எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு புது டேப்பை இழுத்து ஒட்டுங்கள். பழைய டேப்பின் மேலேயே ஒட்டினால் எடைதான் ஏறும், முறுக்கு போகாது.